வாயு மருத்துவமும் ஐதரசனும்

மூலிகையையும் உலோகத்தையும் நீரையும் மனிதன் மருந்தாகக் கொண்ட காலம் மிகப் பழையது. வாயுவொன்றைத் தனியே பிரித்தெடுத்து, அளந்து, நோயாளியைச் சுவாசிக்கச் செய்து பிணி தீர்க்க முயன்ற காலமோ இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு உட்பட்டதே. அக்குறுகிய வரலாற்றினுள்ளும் ஐதரசன் என்னும் வாயுவின் கதை தனித்து நோக்கத்தக்கது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அது மருந்தென்று போற்றப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் கைவிடப்பட்டது. இரு நூற்றாண்டுகள் கழிந்தபின் 2007ஆம் ஆண்டில் மீண்டும் மருத்துவருலகின் கவனத்தைப் பெற்றது. இன்று நாட்பட்ட அழற்சி நோய்கள் பலவற்றுக்கும் அதுவே மருந்தெனக் கூறி, ஐதரசன் கரைந்த நீரையும் அதனை ஆக்கும் பொறிகளையும் விற்போர் பல நாடுகளிலும் உளர்.

இப்பொருள் பற்றி எழுதப் புகுந்தமைக்குக் காரணமொன்று உண்டு. பிறநாட்டில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு எனக்கொரு கடிதம் எழுதினார். அவருடைய அன்னையார் ஊரிலே வாழ்பவர். மூட்டுகள் வீங்கி நோவுறும் வாதநோயால் நெடுங்காலம் வருந்துபவர். நீரிலே ஐதரசனைக் கரைக்கும் சிறு பொறியொன்றை மகன் வாங்கி அனுப்பினார். அந்நீரைப் பருகத் தொடங்கிய சில நாள்களில் நோவு தணிந்ததென்று கண்ட அன்னையார், வைத்தியர் கொடுத்த குளிசைகளை நிறுத்திவிட்டார். இது தக்கதா என்று மகனுக்கு ஐயம் எழுந்தது. வைத்தியரைக் கேட்க வேண்டியதை வரலாற்றாசிரியனாகிய என்னைக் கேட்டமை வியப்பே. எனினும், அவருக்கு விடையெழுத வேண்டி யான் படித்தவற்றுள், வரலாறு கற்போர்க்கும் பயன்படுவன பல இருந்தமையால் அவற்றை ஈண்டுத் தொகுத்து உரைக்கின்றேன்.

ஐதரசனை நம் மாணவர் நன்கறிவர். ஆய்வுகூடத்திலே நாகத்துண்டுகள்மீது ஐதான சல்பூரிக்கமிலத்தை ஊற்றி, எழும் வாயுவைப் பரிசோதனைக் குழாயிலே சேர்த்து, எரியும் குச்சியை வாயிலிற் காட்ட, 'பொப்' என்ற ஓசையுடன் எரிவதைக் கண்டு மகிழாத மாணவர் இலர். இதனையொத்த வாயுவை, இரும்பரத்தூளை அமிலத்தில் இட்டு, ஆங்கில அறிஞர் இராபர்ட் பொயில் 1671ஆம் ஆண்டளவிலேயே கண்டிருந்தார். ஆயினும், அது சாதாரண வளியினின்றும் வேறான தனிவாயு எனத் துணிந்து, அதன் இயல்புகளை அளந்து காட்டியவர் ஹென்றி கவெண்டிஷ். 1766ஆம் ஆண்டில் இலண்டன் இறோயற் கழகத்தின் ஏட்டிலே வெளிவந்த அவரது கட்டுரை இத்துறையில் முதன்மையானது. 'தீப்பற்றும் வாயு' என அவர் அழைத்ததற்கு, 'நீரை ஆக்குவது' எனப் பொருள்படும் ஐதரசன் என்னும் பெயரைப் பின்னர் வழங்கியவர் பிரான்சு நாட்டு இலவோசியரும் அவர் கூட்டத்தினருமாவர்.

ஒரு வாயுவைக் கண்டவுடன் அதனை மருந்தாக்க எண்ணுவது அக்காலத்தவர் இயல்பு. அதற்கு வழிகாட்டியது ஐதரசனன்று. இன்று நாம் காபனீரொட்சைட்டு என்னும் வாயு. லீட்ஸ் நகரிலே மதுவடிக்கும் சாலையொன்றின் அயலில் வாழ்ந்த யோசேப்பு பிரீஸ்லி என்னும் சமயகுரு, நொதிக்கும் தொட்டிகளின்மேல் தேங்கி நின்ற இவ்வாயுவை நீரிலே கரைத்துப் பருகிப் பார்த்தார். இனிய புளிப்புடன் நுரைத்த அந்நீரே நம் கடைகளில் விற்கும் சோடாவின் மூதாதை. அந்நீரை ஆக்கும் முறையை விளக்கி 1772ஆம் ஆண்டில் அவர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். சுவைக்காக மட்டும் அவர் இதனைச் செய்தாரல்லர். நெடுங்கடற் பயணஞ் செய்யும் மாலுமிகளின் முரசைச் சிதைத்து உயிரைக் குடித்துவந்த 'ஸ்கேவி' என்னும் நோய் உடல் அழுகுவதால் வருவதென்றும், இவ்வாயு அழுகலைத் தடுக்குமென்றும் அக்காலத்து வைத்தியர் சிலர் கொண்ட கருத்தைப் பின்பற்றி, அந்நீரே ஸ்கேவிக்கு மருந்தாகும் என நம்பினார். கப்டன் குக்கின் இரண்டாம் பயணக் கப்பல்களுக்கு இம்முறை கொடுத்தனுப்பப்பட்டது. அடுத்த ஆண்டு இறோயற் கழகம் பிரீஸ்லிக்குக் கொப்ளிப் பதக்கம் அளித்துப் பாராட்டியது.

வாயு கரைந்த நீர் ஸ்கேவியைத் தீர்க்கவில்லை என்பது இன்று யாவரும் அறிந்தது. இங்கு வரலாற்று மாணவன் நின்று நோக்க வேண்டியது யாதெனில், அந்நோய்க்குரிய உண்மை மருந்து அதற்கு இருபத்தைந்து ஆண்டுகளின் முன்னரே சோதித்துக் காட்டப்பட்டிருந்தது என்பதே. 1747ஆம் ஆண்டில் 'சோல்ஸ்பெரி' என்னும் போர்க்கப்பலிலே வைத்தியராயிருந்த யேம்ஸ் லின்ட், ஸ்கேவியுற்ற மாலுமிகள் 12 பேரைத் தெரிந்து, யாவர்க்கும் ஒரே உணவளித்து, இருவர் இருவராக ஆறு பகுதியாக்கி, ஒவ்வோர் இருவர்க்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்தார். ஓரிருவர்க்குக் கடல்நீர், ஓரிருவர்க்குக் காடி, இவ்வாறு சென்று, தோடம்பழமும் எலுமிச்சையும் பெற்ற இருவரே விரைவில் நலமடைந்தனர். இவர் 1753இல் இதனை நூலாக வெளியிட்டும், பிரித்தானியக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை வழக்கமாக வழங்கத் தொடங்கியது 1795இலேதான். கண்ணுக்கினிய கொள்கையுடைய நீருக்குப் பதக்கம் கிடைத்தது. கொள்கையற்ற பழம் நாற்பதாண்டு காத்துக் கிடந்தது. லின்ட்டே தம் சோதனையின் பயனை முழுதும் உணர்ந்தாரல்லர் என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது.

ஐதரசனை மருத்துவத்துட் கொணர்ந்தவர் தோமஸ் பெடோஸ் என்னும் ஆங்கில வைத்தியர். 1760ஆம் ஆண்டிற் பிறந்த இவர் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் போதித்தவர். பிரான்சியப் புரட்சியின் ஆதரவாளராகையால் அரசினரின் ஐயத்துக்கு ஆளாகி, 1793இல் அப்பதவியை விட்டு நீங்கிப் பிறிஸ்டல் நகரத்தை அடைந்தார். அந்நகரின் அயலிலுள்ள வெந்நீரூற்றை நாடிச் சயரோகிகள் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வந்து கூடுவர். வந்தோரிற் பெரும்பாலோர் அங்கேயே மாண்டனர். அந்நாளில் இங்கிலாந்திலே சயரோகத்தைப்போல் இளைஞரை வாரிச்சென்ற நோய் பிறிதில்லை, அதற்கு மருந்துமில்லை. பெடோசின் முயற்சியைச் சிரித்துத் தள்ளுவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

பெடோஸ் வகுத்த கொள்கை வருமாறு: உடலில் ஒட்சிசன் குறைவதால் ஸ்கேவி தோன்றுகின்றது; ஒட்சிசன் மிகுவதால் சயரோகம் தோன்றுகின்றது. சயரோகமுற்ற பெண்கள் கருவுற்ற காலத்தில் நோய் தணிந்து காணப்படுவதை அவர் இதற்குச் சான்றாகக் காட்டினார். தாயிடத்து மிகுந்துள்ள ஒட்சிசனைக் கருவிலுள்ள சிசு எடுத்துக்கொள்கிறது என்பது அவர் விளக்கம். ஆகவே, சயரோகி சுவாசிக்கும் வளியிலே ஒட்சிசனின் பங்கைக் குறைத்தல் வேண்டும்; ஐதரசனைக் கலந்தால் அது குறையும். இதே நோக்கத்துடன், மாடுகள் மூச்சுவிட்ட வளியைச் சுவாசிக்கும்படி நோயாளர் சிலரை அவர் மாட்டுத்தொழுவங்களிலே வாழச் செய்ததும் உண்டு. மாட்டுத்தொழுவத்தைத் தூய்மைக்கும் மங்கலத்துக்கும் உரிய இடமாகக் கொள்ளும் நம்மவர்க்கு இது பெரு விந்தையாகத் தோன்றாதெனினும், இலண்டன் எள்ளிசையாளர்க்கு இது நல்விருந்தாயிற்று.

இங்கு ஒன்றைக் குறிக்காது செல்ல இயலாது. உடலுக்குள் ஒட்சிசன் விளைக்கும் கேட்டை ஐதரசன் தணிக்கும் என்பதே பெடோசின் கொள்கை. இன்று ஐதரசனை மருந்தென்பார் கூறுவதும் சொல்லளவில் அதுவே. ஆயினும் ஒற்றுமை சொல்லளவிலேதான். சயரோகம் நுண்கிருமியால் வருவதென்பதை 1882இல் ரொபேட் கொக் நிறுவினார். பெடோஸ் கூறிய ஒட்சிசன் மிகை என்பது அளந்து கண்டதன்று, கருதிக் கொண்டது. பழையோர் ஒருவரின் பிழையான கூற்றை இக்காலத்து உண்மையின் முன்னறிவு எனப் பாராட்டும் வழக்கம் நம்மிடையே மிகுதி. அவ்வழக்கம் இவ்விடத்துக்கும் வாராதிருப்பதாக.

பெடோசின் முயற்சிக்குப் பெருந்துணையாக வந்தவர் நீராவி இயந்திரத்தால் புகழ்பெற்ற யேம்ஸ் வாட். அவர் வந்த வழி துயரமானது. அவருடைய மகள் ஜெசி சயரோகத்துக்கு ஆளாகி, பெடோசின் வைத்தியத்தையும் பெற்று, 1794ஆம் ஆண்டு தன் 15ஆம் வயதில் இறந்தாள். துயரை ஆற்றும் வழியாக அத்தந்தை வாயுக்களை ஆக்கவும் தூய்மை செய்யவும் சுவாசிக்கவும் ஏற்ற கருவியொன்றை வகுப்பதில் முனைந்தார். அவரது பேர்மிங்ஹாம் தொழிற்சாலையிலே அக்கருவி செய்யப்பட்டு வைத்தியர்களுக்கு விற்கப்பட்டது. 1794 முதல் 1796 வரை பெடோசும் வாட்டும் இணைந்து வெளியிட்ட நூற்பகுதிகளில் கருவியின் படங்களும், அதனைக் கையாண்ட வைத்தியர் பலர் எழுதிய கடிதங்களும் உள்ளன. நலமுற்ற நோயாளரைப் பற்றிய கடிதங்களோடு, நலமுறாதவரைப் பற்றியனவும் அவற்றுள் அடங்கும். தம் மருந்து பலியாத இடத்தையும் அச்சேற்றிய இந்நேர்மை பெடோசுக்குப் பெருமை தருவது. ஆயின், அம்மருந்து பெறாத நோயாளர் எவரையும் அருகே நிறுத்தி ஒப்பிட அவர் எண்ணவில்லை. லின்ட்டின் பன்னிருவர் சோதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அச்சிலிருந்தும் அதன் முறை வழக்கமாகவில்லை.

1799 மார்ச்சு மாதம் பிறிஸ்டலின் டவுறி சதுக்கத்திலே 'வாயுமருத்துவ நிலையம்' திறக்கப்பட்டது. மட்பாண்டத் தொழிலாற் செல்வமீட்டிய வெட்ஜ்வுட் குடும்பத்துத் தோமஸ் 1000 பவுண் உதவினார். இறோயற் கழகத் தலைவர் சேர் யோசேப்பு பாங்ஸ் ஆதரவளிக்க மறுத்துவிட்டார். நிலையத்தின் ஆய்வுகூடத்தை மேற்பார்க்கக் கோண்வோலிலிருந்து வரவழைக்கப்பட்டவர் ஹம்பிரி டேவி. வரும்போது அவருக்கு வயது 19. பிற்காலத்திற் சோடியத்தையும் பொற்றாசியத்தையும் பிரித்தெடுத்த பேரறிஞர் இவரே.

டேவி எவ்வாயுவையும் முதலில் தம் நெஞ்சினுள் ஏற்றே ஆராய்ந்தார். ஐதரசனையும் அவ்வாறே சுவாசித்தார். அவருக்கு முன்னரே பிரான்சில் பிலாத்திர டி றோசியே என்பார் ஐதரசனைச் சுவாசித்து, வெளிவிடும் மூச்சிலே தீயைக் காட்டிப் பற்கள் கழன்றனவோ என அஞ்சுமளவுக்கு வெடிப்புண்டார் என்பர். (மாணவர் இதனைக் கதையாகக் கேட்டு அமைக, வளியிலே நூற்றுக்கு 4 பங்கு ஐதரசன் இருப்பினும் அது தீப்பற்றும்.) ஐதரசன் தன்னளவில் நஞ்சன்று என்பதும், ஒட்சிசனின்றி அதனைத் தொடர்ந்து சுவாசித்தால் மூச்சடைக்கும் என்பதும் இவ்வாறு அறியப்பட்டன. ஆனால், சயரோகிகளுக்கு வாட்டின் கருவி பெரும்பாலும் அளித்தது தனி ஐதரசனன்று. செந்தணலான கரியின்மேல் நீராவியைச் செலுத்திப் பெற்ற கலப்பு வாயு அது; அதில் ஐதரசனோடு காபனோரொட்சைட்டு என்னும் கொடிய நஞ்சும் இருந்தது. அதனை மிகுந்த வளியோடு கலந்தே நோயாளர்க்குக் கொடுத்தனர். கலவாத அவ்வாயுவை டேவி மும்முறை உள்ளிழுத்து, நாடி தளர்ந்து, மரணத்தின் வாயில்வரை சென்று மீண்டார். அதனைச் சுவாசித்த நோயாளரின் கன்னம் சிவந்தமையும், இருமல் அடங்கி அயர்ந்தமையும் நலத்தின் அறிகுறிகளென வைத்தியர் எழுதிவைத்த இடங்களை இன்று படிக்கும்போது உள்ளம் நடுங்குகின்றது.

அந்நிலையத்தில் நிகழ்ந்ததாக டேவியின் வாழ்க்கையை எழுதிய பாரிஸ் என்பார் கூறும் செய்தியொன்று உண்டு. பாரிசவாதமுற்ற ஒருவர் நைத்திரசு ஒட்சைட்டைச் சுவாசிக்க வந்தார். வாயுவைக் கொடுக்குமுன் உடல்வெப்பத்தை அறியும்பொருட்டு டேவி வெப்பமானியை அவர் நாவின் கீழ் வைத்தார். அதுவே மருந்தென்று எண்ணிய நோயாளி, உடனே சுகந் தெரிகிறதென்றார். டேவி யாதும் கூறாது, நாள்தோறும் வந்து வெப்பமானியை நாவின் கீழ் வைத்துச் செல்லும்படி பணித்தார். இரு வாரத்தில் அம்மனிதர் நலமடைந்து சென்றாராம்.

இக்கதை எவ்வளவு மெய்யாயினும் ஆகுக. அதே 1799ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிறிஸ்டலுக்கு அணித்தான பாத் நகரிலே நடந்த சோதனை ஐயத்துக்கிடமற்றது. உலோகக் கோல்களிரண்டால் உடலைத் தடவி வாதநோயைத் தீர்க்கலாம் என்று அமெரிக்கர் ஒருவர் அக்கோல்களைப் பெருவிலைக்கு விற்றுவந்தார். ஜோன் ஹேகாத் என்னும் வைத்தியர் மரத்தாற் கோல்கள் செய்து, உலோகம்போல் நிறந்தீட்டி, நாட்பட்ட நோயாளர் ஐவரிடம் கையாளச் செய்தார். ஐவருள் நால்வர் நோவு தணிந்ததென்றனர். அடுத்த நாள் உண்மைக் கோல்களைக் கையாண்டபோதும் பயன் அவ்வளவே. 1800இல் அவர் இதனை வெளியிட்டார். நாட்பட்ட மூட்டுநோவு நம்பிக்கையாலும் தணியும் என்பதை எண்ணிக்கையிட்டுக் காட்டிய முதல் ஏடுகளுள் இஃதொன்று. இருபது கிலோமீற்றர் அளவான தொலைவில், ஒரே காலத்தில், ஒரு நகரத்தார் வாயுவைக் கொடுத்து நலத்தைக் குறித்துக்கொண்டிருக்க, மற்றை நகரத்தார் அந்நலம் எங்கிருந்து வருகிறதென்று வினவக் கற்றுக்கொண்டனர்.

வாயுமருத்துவ நிலையம் நீடிக்கவில்லை. 1801இல் டேவி இலண்டனுக்குச் சென்றார். நிலையம் ஏழைகளுக்கு மருந்து வழங்கும் சாதாரண வைத்தியசாலையாக மாறியது. வாட்டின் மகன் கிரெகரியும் 1804இல் சயரோகத்தால் மாண்டான். பெடோஸ் தம் வாழ்வு வீணாயிற்றென்ற மனத்தளர்வோடு 1808இல் இறந்தார். அந்நிலையம் உலகுக்கு ஈந்த மெய்யான கொடை அவர்கள் தேடாதது: நைத்திரசு ஒட்சைட்டு நோவை மறக்கச் செய்யும் என்றும், சத்திரசிகிச்சையிற் பயன்படலாம் என்றும் டேவி 1800இல் தம் நூலில் எழுதிவைத்தார். அதனைப் பற்பிடுங்க முதன்முதல் கையாண்டது 1844இலேயே. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் அறுவையின்கீழ் அலறியோர் எத்தனை பேரோ.

இதன்பின் ஐதரசன் மருத்துவரின் கையை விட்டுப் பலூன்காரரிடமும் கைத்தொழிலாளரிடமும் சென்றது. மனிதர் அதனை மீண்டும் சுவாசிக்கத் தொடங்கியது கடலடியிலே. ஆழ்கடலில் வளியிலுள்ள நைதரசன் மயக்கம் விளைக்குமாகையால் அதற்குப் பதிலாக ஐதரசனைக் கலக்கலாமெனச் சுவீடன் நாட்டு ஆர்ண் செற்றர்ஸ்ரோம் கண்டார். 1945இல் 160 மீற்றர் ஆழஞ் சென்று, மேலேற்றியோரின் தவற்றால் உயிரிழந்தார். பிரான்சின் கொமெக்ஸ் நிறுவனத்தார் இதனைத் தொடர்ந்து, 1992இல் 701 மீற்றர் ஆழத்துக்கு ஒத்த அமுக்கமுடைய அறையிலே ஒருவரை ஐதரசன் கலந்த வாயுவைச் சுவாசித்து இருக்கச் செய்தனர். பேரளவிலும் இவ்வாயு உடலுக்கு நஞ்சன்று என்பது இதனால் உறுதியாயிற்று. 1975இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர், தோற் புற்றுநோயுடைய எலிகளை எட்டு வளிமண்டல அமுக்கத்தில் ஐதரசனிடையே இரு வாரம் வைத்து, புற்றுக்கட்டிகள் சுருங்கக் கண்டதாக வெளியிட்டனர். 2001இல் பிரான்சிலே, ஒட்டுண்ணியால் ஈரல் அழற்சியுற்ற எலிகளை அவ்வாறே அமுக்க அறையில் வைத்து அழற்சி தணியக் கண்டனர். ஐதரசனையும் நாட்பட்ட அழற்சியையும் இணைத்த முதற் சோதனைகளுள் இஃதொன்றாகும்.

அழற்சி என்பது பழஞ்சொல், பழம்பொருள். செம்மை, வீக்கம், வெம்மை, நோவு என அதன் நான்கு குறிகளையும் உரோமர் காலத்துச் செல்சஸ் எழுதிவைத்தார். முள் தைத்த விரல் வீங்கிப் பழுத்து ஆறுவது அழற்சியின் நன்மை. குருதியிலுள்ள வெண்கலங்கள் அவ்விடத்திலே திரண்டு, ஒட்சிசனிலிருந்து வீரியமிக்க பொருள்களை ஆக்கிக் கிருமிகளை அழிக்கின்றன. போர் முடிந்தபின்னும் கலையாத படை நாட்டைச் சூறையாடுவதுபோல, கிருமியே இல்லாதவிடத்தும் இவ்வெண்கலங்கள் ஓயாது தொழிற்படின் நாட்பட்ட அழற்சியாகும். மூட்டுவாதம் அத்தகையது. ஆகவே, ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் பொருளை உட்கொண்டால் நோய் தணியுமென எண்ணுதல் இயல்பே. அவ்வெண்ணம் பெருஞ் சோதனைக்கும் உட்பட்டது. பின்லாந்திலே புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடையே, கரட்டில் உள்ள பீற்றாக் கரோற்றின் என்னும் பொருள் சுவாசப்பைப் புற்றுநோயைத் தடுக்குமா என ஆராய்ந்தனர். 1994இல் வெளியான முடிவு யாவரையும் திகைக்கச் செய்தது. அதனை உண்டோரிடையே புற்றுநோய் குறையவில்லை. நூற்றுக்கு 18 வீதம் கூடியிருந்தது. உடலுக்கு வேண்டிய ஒட்சியேற்றமும் உண்டு, வேண்டாததும் உண்டு. இரண்டையும் ஒருசேரத் தடுப்பது நன்றன்று என்பது இதனின்றும் பலர் பெற்ற கருத்து.

இப்பின்னணியிலேயே 2007ஆம் ஆண்டின் யப்பானியக் கண்டுபிடிப்பு பேரொலி எழுப்பியது. நிப்பொன் மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் சிகெயோ ஓற்றாவும் அவர் குழுவினரும், மூளைக்குக் குருதியோட்டம் தடைப்பட்டு மீண்ட எலிகளைச் சிறிதளவு ஐதரசன் கலந்த வளியைச் சுவாசிக்கச் செய்து, மூளைச் சேதம் குறையக் கண்டனர். ஐதரசன் யாவற்றையும் தடுப்பதில்லை. கொடியதான ஐதரொட்சில் மூலிகத்தையே தெரிந்தழிக்கின்றது. உடலுக்கு வேண்டிய பிறவற்றைத் தீண்டாது விடுகின்றது என்பது அவர் விளக்கம். பின்லாந்துச் சோதனையால் மனங்கசந்திருந்தோர்க்கு இவ்விளக்கம் தேனாக இனித்தது. அதன்பின் விலங்குகளிலும் மனிதரிலும் நடந்த சிறு ஆராய்ச்சிகள் மிகப் பல.

விளக்கத்துக்கு எதிரான வாதமும் விரைவில் எழுந்தது. ஐதரொட்சில் மூலிகம் தோன்றிய கணத்திலேயே தன் அருகிலுள்ள எதனோடும் சேர்ந்துவிடும் இயல்பினது. கலங்களினுள்ளே புரதமும் கொழுப்பும் நெருங்கிக் கிடக்க, குருதியிற் சிறிதளவே கரையும் ஐதரசன், அவற்றைவிடப் பலமடங்கு மெதுவாகச் சேர்வது, எவ்வாறு முந்திக்கொள்ளும்? சாதாரண அமுக்கத்தில் ஒரு லீற்றர் நீர் ஏற்கும் ஐதரசன் 1.6 மில்லிகிராம் மட்டுமே. அன்றியும், பயறும் கடலையும் உண்டவர் குடலிலே நுண்ணுயிர்கள் தாமே ஐதரசனை ஆக்குகின்றன; மூச்சிலே வரும் அவ்வாயுவை அளந்து சீரணக் கோளாறுகளை அறியும் முறையும் வைத்தியசாலைகளில் உண்டு. ஒரு கோப்பை நீரிலுள்ளதைப் பார்க்கினும் பன்மடங்கு ஐதரசன் நம் குடலில் நாள்தோறும் எழுவது. ஐதரசன் கலங்களின் காப்பு முறைகளை வேறு வழியாற் தூண்டுகிறதென இன்று சிலர் கூறுகின்றனர். அது முடிந்த முடிபன்று.

விளக்கம் பிழையாயினும் பயன் மெய்யாகலாம். லின்ட்டின் எலுமிச்சைக்கும் விளக்கம் இல்லை. ஆகவே மனிதரிடத்து எண்ணிக் கண்டதையே நோக்க வேண்டும். 2012இல் யப்பானில் மூட்டுவாதமுடைய 20 பேர் நாளொன்றுக்கு 530 மில்லிலீற்றர் ஐதரசன் நீரை நான்கு வாரம் பருக, நோயின் அளவு குறைந்ததாக வெளியிடப்பட்டது. வெறும் நீரைப் பருகிய கூட்டம் ஒன்று ஒப்பிடுதற்கு இருக்கவில்லை. பாத் நகரத்து மரக்கோல்களை அறிந்தோர் இங்கு தயங்குவர். நடுக்கவாதத்தின் கதை இன்னும் தெளிவானது. 2013இல் 17 பேரளவில் நடந்த சோதனையில், வெறும் நீர் பருகினோரைவிட ஐதரசன் நீர் பருகினோர் நலமுற்றதாகக் காணப்பட்டது. அதே நாட்டவர், அதே கேள்வியை, 178 பேரிடையே 72 வாரம் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டபோது, இரு கூட்டத்தாரிடையும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நம்பிக்கையோடு தொடங்கி, பாதகமான முடிவை மறையாது அச்சிட்ட அவ்வறிஞர்களை யான் பெரிதும் மதிக்கின்றேன்.

மறுபுறத்தையும் சொல்லவேண்டும். இதயம் நின்று மீட்கப்பட்டு நினைவிழந்து கிடந்தோர்க்கு நூற்றுக்கு 2 பங்கு ஐதரசன் கலந்த வாயுவைப் 18 மணி நேரம் அளித்த சோதனையொன்று யப்பானின் 15 வைத்தியசாலைகளில் நடந்து 2023இல் வெளிவந்தது. கொரோனாத் தொற்றால் அது 73 பேரோடு இடையில் நின்றது. மூளை நலத்தோடு மீண்டோர் தொகை பற்றிய முதற்கேள்விக்கு உறுதியான விடை கிடைக்கவில்லை. ஆனால் 90 நாளின்பின் உயிரோடிருந்தோர் ஐதரசன் பெற்றவருள் நூற்றுக்கு 85, பெறாதவருள் 61. சிறு தொகையாயினும் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் இது வைத்தியசாலையிலே, கடும் ஆபத்திலே, அளந்து கொடுத்த வாயு. அடுக்களைப் பொறியின் நீருக்கு இதனைச் சான்றாகக் காட்டுவோர், டேவியின் நைத்திரசு ஒட்சைட்டைக் காட்டிப் பெடோசின் சயரோக மருந்தை விற்பவரை ஒப்பர்.

இவற்றை என் மாணவருக்குச் சுருக்கமாக எழுதினேன். அந்நீரால் அன்னையாருக்குத் தீங்கு வருமென யான் அஞ்சவில்லை. குளிசைகள் நின்றமைக்கே அஞ்சினேன். மூட்டுவாத மருந்துகள் சிலவற்றின் பயன் நிறுத்திய பின்னரும் சில வாரம் உடலில் நிற்கும். அவ்விடைக்காலத்தில் எதனைப் பருகினாலும் புகழ் அதற்கே போகும். நோவு அடங்கியிருக்கும்போதும் மூட்டின் உள்ளே குருத்தெலும்பும் என்பும் அரிபடக்கூடும், அரிந்தது மீளாது. இதனையும் எழுதி, உடனே அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்ல ஒழுங்கு செய்யும்படி வேண்டினேன்.

இரு மாதங் கழித்து விடை வந்தது. அதற்குள் வலக்கை விரல்கள் மீண்டும் வீங்கிவிட்டன. மருமகள் அவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல, வைத்தியர் கடிந்துகொள்ளாது குளிசைகளை மீண்டும் தொடங்கினாராம். நீரைப் பருகுவதைத் தடுக்கவுமில்லை. பொறி அடுக்களையிலே பழைய இடத்திலேயே இருக்கின்றது. காலையிற் குளிசையை விழுங்குவதற்கு அன்னையார் அந்நீரையே எடுக்கின்றார் என்று எழுதியிருந்தார்.